ஆல்பா கோர்ஸ்: வீடியோ சுமார், மேசை அருமை

எங்கள் சபையின் ஏரியா ஜெபக்கூட்டம் எப்படி நடக்கும் என்பது சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். இரண்டு பாட்டு, ஒரு பெரியவர் முக்கால் மணி நேரம் பேசுவார், ஜெபக்குறிப்புகள், காபி, முறுக்கு. வருகிறவர்கள் நல்ல மனிதர்கள்தான், ஆனால் பல வருடங்களாக அதே ஆட்கள். அவர்கள் பிள்ளைகள் வருவதில்லை, வேலைக்காகச் சென்னைக்கு வந்து சேர்ந்த இளசுகள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். அதனால்தான் ஆயர் ஐயா, கிறிஸ்தவ விசுவாசத்தைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்துகிற ஆல்பா கோர்ஸை நடத்திப் பார்க்கலாம் என்றார். ஒருங்கிணைக்கிற வேலை பெரும்பாலும் என் தலையில் விழுந்தது. வேறு சபைகளில் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் என்ற ஆங்கிலிக்கன் சபையில் 1977-இல் சார்ல்ஸ் மார்ன்ஹம் என்ற குருவானவர் ஆரம்பித்தது இது. அப்போது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கான ஒரு சின்ன வகுப்பு, அவ்வளவுதான். 1990-இல் நிக்கி கம்பல் பொறுப்பேற்றார். பாரிஸ்டராக இருந்து குருவானவரானவர் அவர். சபைப் பக்கமே வராதவர்களும் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கிற மாதிரி அதை மாற்றினார். இப்போது கத்தோலிக்கர்களும் நடத்துகிறார்கள், பெந்தெகொஸ்தே சபைகளும் நடத்துகிறார்கள். பதிவு செய்துகொண்டால் வீடியோக்கள், ஹோஸ்ட்களுக்கான (மேசையில் பேச்சை வழிநடத்துபவர்களுக்கான) பயிற்சி எல்லாமே இலவசம். செலவு முழுக்கச் சாப்பாட்டில்தான்.

வாரம் ஒரு மாலை, பத்துப் பதினோரு வாரம். முதலில் சாப்பாடு, அப்புறம் ஒரு பேச்சு, அப்புறம் அதே மேசையில் கலந்துரையாடல். ஒரு மேசைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், அதில் ஓரிருவர் ஹோஸ்ட், கூட ஹெல்பர்கள். இதெல்லாம் எந்தச் சபையும் யோசித்துச் செய்யக்கூடியதுதான், இதற்கு லண்டன் தேவையில்லை. ஆனால் ஹோஸ்டுக்கு அவர்கள் வைத்திருக்கிற விதி இருக்கிறதே, அதற்காகவே நான் இந்தக் கோர்ஸைச் சிபாரிசு செய்வேன்: ஹோஸ்ட் பதில் சொல்லக் கூடாது. யாராவது ‘கடவுள் இருந்தால் என் தங்கச்சிக்கு ஏன் இப்படி ஆச்சு’ என்று கேட்டால் உடனே வசனத்தை எடுத்து நீட்டக் கூடாது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மேசையைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எந்தக் கேள்வியும் தப்பில்லை, வராமல் போனவரைத் துரத்திப் பிடிக்கவும் கூடாது.

நம் ஆட்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று நடத்திப் பார்த்தால்தான் தெரியும். ஞாயிறு பள்ளியில் இருபது வருடம் பாடம் எடுத்த அக்கா ஒருவரை ஹோஸ்டாகப் போட்டோம். முதல் இரண்டு வாரமும் அவர் மேசையில் அவர் குரல் மட்டும்தான் கேட்டது. பயிற்சி வீடியோவை மறுபடி பார்க்க வைத்து, பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையனை ஹெல்பராக உட்கார வைத்த பிறகு அந்த மேசைதான் கடைசியாகக் கலையும் மேசையானது, வாட்ச்மேன் வந்து லைட்டை அணைக்கும் வரை பேசிக்கொண்டிருப்பார்கள். எனவே ஹோஸ்ட் தேர்வு முக்கியம். வேதம் நன்றாகத் தெரிந்தவர் என்பதைவிட, அடுத்தவர் பேசும்போது குறுக்கே விழாதவரா என்று பாருங்கள்.

வீடியோ பற்றி. 2016-இல் வந்த ஃபிலிம் சீரிஸ், டோபி ஃபிளின்ட், ஜெம்மா ஹன்ட் இருவரும் தொகுத்து வழங்குகிறார்கள், ஒவ்வொன்றும் சுமார் அரை மணி நேரம். படப்பிடிப்பு தரமானது. ஐடி கம்பெனிப் பிள்ளைகளுக்குப் பிடித்தது. ஆனால் அந்த நகைச்சுவை, அந்த உதாரணங்கள் எல்லாம் லண்டன்வாசிக்கானவை. மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரவு ஜெபிக்கப் பத்து நிமிடம் கிடைக்காத பெண்ணுக்கு அதில் பிடித்துக்கொள்ள அதிகம் இல்லை. நல்லவேளை, வீடியோதான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அதே தலைப்பில் உங்கள் ஆளே நேரில் பேசலாம். தமிழ் மேசைகளுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம், பேச்சு கொஞ்சம் சுமாராக இருந்த நாளிலும் கலந்துரையாடல் வீடியோ மேசைகளைவிடச் சூடாகவே போனது.

நடுவில் ஒரு நாள் அல்லது வார இறுதி வெளியே போவது உண்டு, பரிசுத்த ஆவியானவர் பற்றிய மூன்று பேச்சுகள் அதில்தான் வரும். இதன் சாய்வு கரிஸ்மாட்டிக் பக்கம்தான் (அதாவது ஆவியின் வரங்களுக்கு அழுத்தம் கொடுப்பது), அதை மறைக்க வேண்டியதில்லை. ஆராதனை முறைப் புத்தகத்தைத் தாண்டாத சபை என்றால் ஆயரிடம் முன்கூட்டியே பேசி, யார் ஜெபம் நடத்துவது, எவ்வளவு தூரம் போவது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பெரிய சிக்கல் கோர்ஸ் முடிந்த பிறகுதான். அது வரை ஒரு மேசையாக இருந்தவர்களை என்ன செய்வது? எங்கள் கமிட்டி சொன்ன பதில், ‘அவரவர் ஏரியா ஜெபத்தில் சேர்த்துவிடுங்கள்.’ அதாவது வேளச்சேரிக்காரர் வேளச்சேரிக்கு, பெரம்பூர்க்காரர் பெரம்பூருக்கு. காரணம் என்ன என்றால், சபை அங்கத்தினர்களிடம் சந்தா வசூலிக்கிற நோட்டு ஏரியா வாரியாக இருக்கிறது! எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வகுப்புக் கூட்டங்களும் பிரிஸ்டலில் 1742-இல் பணம் வசூலிக்கத்தான் தொடங்கின. கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், அவர் வீடு வீடாகப் போக வேண்டும். போனவர்கள் வீட்டில் நடப்பதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் வெஸ்லி அதை ஆத்தும விசாரிப்புக்கான குழுவாக மாற்றினார். 1947-இல் சிஎஸ்ஐ உருவானபோது மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள், ஆக இது நம் வீட்டுச் சொத்துதான். நாம் மட்டும் பென்னியோடு நின்றுவிட்டோம்.

என் யோசனை, பின்கோடு பார்த்துப் பிரிக்காதீர்கள். மேசையை அப்படியே குழுவாக விடுங்கள், ஹோஸ்டே தலைவராகத் தொடரட்டும். எங்களிடம் அப்படி விட்ட மேசைகள் இன்னும் கூடுகின்றன, ஏரியாவுக்கு அனுப்பியவர்களில் பாதிப் பேரை ஞாயிறு ஆராதனையில் மட்டும்தான் பார்க்கிறேன். சந்தா வேண்டுமானால் பழையபடி ஏரியா வழியாகவே போகட்டும், யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு. ஏற்கனவே விசுவாசத்தில் ஊறினவர்களுக்கு ஆழமான வேதபாடம் வேண்டும் என்றால் இது அதற்கில்லை, முதல் மூன்று வாரத்திலேயே சலித்துவிடும். புதியவர்கள், பாதி விலகிப் போனவர்கள், கல்யாணமாகி இந்த மார்க்கத்துக்கு வந்தவர்கள் இருக்கிற சபைக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சாப்பாட்டைப் பெண்கள் ஐக்கியத்தின் தலையில் கட்டாமல் கேட்டரிங்குக்கு விடுங்கள். அவர்களும் மேசையில் உட்கார வேண்டியவர்கள்தானே. அப்புறம் கோர்ஸுக்குப் பிறகு குழுக்கள் எப்படி இருக்கும் என்பதைக் கமிட்டியிடம் ஆரம்பிக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள், பத்தாவது வாரத்தில் பேச ஆரம்பித்தால் சந்தா நோட்டுதான் ஜெயிக்கும்.