மலையில் வீடு, கடலில் போட்: எந்த டிங்கி வாங்குவது, எதில் ஏற்றுவது?

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் குடியிருந்துகொண்டு திருகோணமலையில் மோட்டார் குரூஸர் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் அத்தான் அதில் ஒருவர். 28 அடிப் போட், உள்ளே நாலு பேர் படுக்கலாம், பின்னால் குளிக்க இறங்குவதற்கு ஒரு தளம். வாங்கும்போது யாருக்கும் தோன்றாத கேள்வி, வாங்கிய கையோடு வந்து நின்றது. நங்கூரம் போட்ட இடத்திலிருந்து பிள்ளைகளோடு கரைக்கு எதில் போவது?

அதற்கென்று பெரிய போட்டோடு வைத்துக்கொள்ளும் சின்னப் படகுதான் டிங்கி. கடையில் கேட்டால் அது தண்ணீரில் எப்படி ஓடும் என்றுதான் சொல்வார்கள். நமக்கு அது இரண்டாம் பட்சம். கம்பளை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை என்று அது ரோட்டில் எப்படிப் போகும், போட்டில் எங்கே நிற்கும், சீசன் முடிந்து வீட்டில் எந்த மூலையில் கிடக்கும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீருக்கு வரவேண்டும். அந்தக் கணக்கில் என் ஓட்டு, சுருட்டி வைக்கக்கூடிய, காற்றடிக்கும் தரையுள்ள 2.7 மீற்றர் ரப்பர் டிங்கிக்கு. மற்ற இரண்டும் எப்போது முந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போட்டியில் இருப்பவை மூன்று: முழுக்கச் சுருட்டும் ரப்பர் டிங்கி, அடிப்பாகம் பைபரிலும் பக்கங்கள் காற்றுக் குழாயிலும் ஆன ‘ரிப்’, முழுப் பைபர் டிங்கி. சுருட்டுவது 25 முதல் 30 கிலோ வரும். அதே நீளத்து ரிப் 50 கிலோவைச் சுற்றி நிற்கும். பைபர் அதைவிடச் சின்னதாக இருந்தாலும் ஏறத்தாழ அதே எடை. முதலாவதை இரண்டு பேர் பேசிக்கொண்டே தூக்கி வேனின் பின்சீட்டுக்குப் பின்னால் போட்டுவிடலாம். மற்ற இரண்டும் கெரியரில்தான் ஏறவேண்டும். 50 கிலோவைத் தலைக்கு மேல் தூக்க நாலு பேர் தேவை. ஹட்டனில் நாலு பேர் கிடைப்பார்கள். திரும்பி வரும் நாளில், வெயிலில் வதங்கிய குடும்பத்தில் அந்த நாலு பேரை எங்கே தேடுவது?

‘அப்படியென்றால் சுருட்டவே வேண்டாம், காற்றோடு கெரியரில் கட்டிக்கொண்டு வந்துவிடலாமே’ என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,013 மில்லிபார். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 800 சொச்சம்தான். சாதாரணமாக டிங்கியின் பக்கக் குழாய்க்கு அடிக்கச் சொல்வது வெளிக்காற்றைவிட 250 மில்லிபார் கூடுதலாக, அதாவது மூன்றரை பிஎஸ்ஐ போல. திருகோணமலையில் சரியாக 250 அடித்து மூடியதை மேலே கொண்டுவந்தால், வெளியே அழுத்தம் குறைந்த அளவுக்கு உள்ளே இருப்பது தூக்கலாகி 450ஐத் தொடப் பார்க்கும். மலைக் குளிர் கொஞ்சம் இறக்கினாலும் 400க்குக் கிட்டத்தான் நிற்கும். றம்பொடை வளைவுகளில் வேனை நிறுத்திக் குழாயைத் தட்டினால் தவில் மாதிரி அதிரும். ஒட்டிய மூட்டு விடுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ரிப் வாங்கினாலும் இதே கதைதான்: மலையேறுமுன் குழாயில் பாதிக் காற்றையாவது திறந்துவிட வேண்டும்.

இறங்கும்போது இது தலைகீழ். நுவரெலியாவில் முற்றத்தில் வைத்துக் கல்லுப்போல அடித்துப் பார்த்துவிட்டு அப்படியே கெரியரில் ஏற்றி இறக்கினால், நிலாவெளிக் கடற்கரையில் பக்கங்கள் சுருக்கம் விழுந்து, எஞ்சின் மாட்டும் பலகை பின்னால் சாய்ந்து நிற்கும். அத்தான் சவர்க்கார நுரையைத் தடவிக்கொண்டு அரைமணி நேரம் குனிந்தே இருந்தார்.

“ஓட்டை எங்கனு தெரியலயே மச்சான்.”

“ஓட்டை இல்லங்க அத்தான், மேலருந்து அடைச்ச காத்து. பம்ப எடுங்க.”

கீழே போய் அடிப்பதும், கீழேயே திறந்துவிடுவதும்தான் முறை. காலால் மிதிக்கும் பம்ப் குழாய்களுக்குப் போதும். தரைக்கு மட்டும் 10 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம் வேண்டும், ஆகவே அதற்குரிய கைப்பம்ப்பையும் மறக்காமல் எடுத்துவையுங்கள். அழுத்தம் குறைந்த தரையில் பிள்ளைகள் எழுந்து நின்றால் கால் புதைந்து தள்ளாடுவார்கள்.

தண்ணீரில் இறங்கிவிட்டால் ரிப்புக்கு நிகரில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அடியில் கூர்மை இருப்பதால் நேர்கோட்டில் ஓடும், அலையில் குதிக்காது, 8 குதிரைவலு எஞ்சின் மாட்டினால் தண்ணீர்மேல் எழும்பிப் பறக்கும். சுருட்டும் டிங்கிக்கு இரண்டரைக் குதிரைவலு, நிதானமான ஓட்டம், அவ்வளவுதான். துடுப்புப் போட்டால் எதிர்க்காற்றில் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆனால் நிலைத்தன்மையில் இரண்டு ரப்பரும் ஒன்றுதான்: தடித்த மாமா ஓரத்தில் கால் வைத்து இறங்கினாலும் கவிழாது, பெரிய போட்டின் பெயின்டையும் உரசாது.

பைபர் டிங்கியில் அது முடியாது. நடுவில் கால் வைக்காவிட்டால் ஆளைத் தண்ணீரில் தள்ளிவிடும், இரவெல்லாம் போட்டின் பின்பக்கத்தை இடித்துத் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனாலும் துடுப்புக்கு இதுதான் ராஜா. பிள்ளைகளுக்குத் துடுப்புப் போடப் பழக்க நினைப்பவருக்கு வேறு தேர்வே இல்லை. உடைந்தால் கரையோரத்தில் மீன்பிடிப் போட்டுக்குப் பைபர் ஒட்டும் எவரும் அன்றைக்கே ஒட்டித் தருவார். ரப்பருக்குச் சரியான பசை தேடிக் கொழும்புக்குப் போகவேண்டி வரலாம். டிங்கியை மலைக்கே கொண்டுவராமல் திருகோணமலையில் நம்பிக்கையான ஒருவர் வளவில் கவிழ்த்து வைக்க இடமிருந்தால், நான் பைபரைத்தான் சொல்வேன். ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் உரிய அனுமதியோடு மீன்பிடிக்கவும் அதையே இறக்கும் எண்ணம் இருந்தாலும் அப்படியே. நீர் வற்றும் மாதங்களில் அங்கே கரை முழுக்கச் செம்மண் சேறும், அதற்குள் கல்லும் மரக்கட்டை முனைகளும். ரப்பர் அதைத் தாங்காது.

துணி விஷயம் சுருக்கமாக: பிவிசி மலிவு, ஆனால் கரையோர வெயிலில் ஒட்டுகள் சீக்கிரம் பிசுபிசுக்கும். ஹைப்பலோன் விலை கூடியது, வெயிலுக்கு அசையாது. அந்தப் பெயரில் செய்துவந்த டூபொன் கம்பனி 2010இல் அதை நிறுத்திவிட்டது, இப்போது அதே வகை ரப்பரை வேறு கம்பனிகள் சிஎஸ்எம் என்று விற்கின்றன. வருடத்தில் பாதி நாள் மலையின் நிழலில் கிடக்கும் டிங்கிக்குப் பிவிசியே போதும்.

இனி போட்டில் எங்கே வைப்பது. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

கட்டி இழுப்பது செலவில்லாத வழி. துறைமுகத்துக்குள் ஒரு குடாவிலிருந்து அடுத்த குடாவுக்குப் போக அது போதும். எஞ்சினைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, மிதக்கும் கயிற்றால் இழுக்க வேண்டும். நங்கூரமிடப் பின்னோக்கி வரும்போது ஒருவர் கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடித்திருக்காவிட்டால் அது நேரே புரொபெல்லரைத்தான் தேடிப்போகும். வேகமெடுத்தாலோ, வெறும் டிங்கி காற்றில் எழுந்து கவிழ்ந்துவிடும். குரூஸரை வேகத்துக்காக வாங்கியவருக்கு இது ஒத்துவராது.

பின்தளத்தில் இரண்டு கொக்கி அடித்து, ஒரு பக்கக் குழாயை அதில் மாட்டி, மறுபக்கத்தைத் தூக்கி நிமிர்த்திக் கட்டுவது ரப்பர் டிங்கிக்கென்றே பிறந்த ஏற்பாடு. 30 கிலோ என்பதால் ஒருவரே நிமிர்த்திவிடலாம். இதில் இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள். பின்விளக்கு மறைந்தால் இரவில் நீங்கள் பின்னால் வருபவர் கண்ணில் படமாட்டீர்கள், அதை மேலே மாற்றிப் பொருத்த வேண்டும். ஏணி மறைந்தால், ஓடும்போது தண்ணீரில் விழுந்தவர் ஏறிவர வழியிருக்காது. கொக்கியை ஒருபக்கமாகத் தள்ளி அடித்தால் ஏணிக்கு இடம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பக்கவாட்டில் தொங்கவிடும் கயிற்றேணி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பின்னால் இரண்டு கை நீட்டித் தூக்கும் ‘டேவிட்’ என்ற தூக்குச் சட்டம், ரிப்புக்கும் பைபருக்கும். டிங்கியும் எஞ்சினும் சேர்ந்து 70, 80 கிலோ பின்னால் தொங்கினால் 28 அடிப் போட் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும். மழைத்தண்ணீர் தேங்கினால் எடை இன்னும் கூடும் என்பதால் அடித்தக்கையைக் கழற்றியே தொங்கவிட வேண்டும். முன்தளத்தில் கவிழ்த்துக் கட்டினால் ஓட்டுபவருக்குப் பார்வையும் போச்சு, அவசரத்துக்கு வெளியே வரும் மூடியும் அடைபடும். கூரையில் ஏற்றுவது இந்த அளவுப் போட்டுக்குப் பேச்சே இல்லை.

திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலம்தான் ஹட்டனில் விடாமல் பெய்யும் காலம். மேலே கொண்டுபோய்க் காயவைத்துக்கொள்ளலாம் என்று ஈரத்தோடு சுருட்டினால் அது அடுத்த வருஷம்வரை காயாது, விரிக்கும்போது கரும்புள்ளியாய்ப் பூஞ்சணம்தான். கரையிலேயே நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, மடிப்புகளில் துணியை விட்டுத் துடைத்து, உலர்ந்தபின் டல்கம் பவுடர் தூவிச் சுருட்டுங்கள். வீட்டில் தரையில் போடாமல் கயிறு கட்டித் தொங்கவிட்டால் எலியிடமிருந்தும் தப்பும்.

எஞ்சினைப் பற்றி ஒன்று. நுவரெலியாவில் வாளித்தண்ணீரில் வைத்து ஓட்டிப்பார்த்தால் அது கொஞ்சம் திணறும். உயரத்தில் காற்று குறைவு, வலுவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டப் போய்விடும், புகையும் கூடும். அது நோயல்ல. அதைப் பார்த்துவிட்டு கார்பரேட்டரில் பெற்றோலைக் குறைத்துத் தரும் மெக்கானிக்கிடம், இது கடலுக்குப் போகும் எஞ்சின் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த செட்டிங்கோடு கீழே ஓடினால் காற்று கூடி, பெற்றோல் போதாமல் சூடேறி, பிஸ்டனில் கைவைத்துவிடும்.