டிரைவ்-இன் தியேட்டர் ஒலி: கம்பத்து ஸ்பீக்கரா, எஃப்.எம். ரேடியோவா?

1933 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட், காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் முதல் டிரைவ்-இன் தியேட்டரைத் திறந்தபோது, ஒலி திரையருகே இருந்த பெரிய ஸ்பீக்கர்களிலிருந்துதான் வந்தது. 100 மீட்டர் தள்ளி நிற்கும் காருக்கு அந்த ஒலி சுமார் 0.3 விநாடி தாமதமாகவே சேரும். உதடசைவும் வசனமும் ஒட்டாது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தொல்லை.

1940களில் பரவிய கம்பத்து ஸ்பீக்கர் இரண்டையும் தீர்த்தது. கார் நிற்கும் இடத்தருகே கம்பத்தில் தொங்கும் அதை எடுத்துக் கார் ஜன்னலில் மாட்டிக்கொள்ள வேண்டும். காருக்கொன்று, ஒலியைக் கூட்டிக் குறைக்க அதிலேயே ஒரு திருகு. கார் பேட்டரிக்கு வேலையே இல்லை. ஆனால் கண்ணாடியை இறக்கித்தான் மாட்ட வேண்டும், மழையென்றால் சாரல் உள்ளே அடிக்கும். கழற்ற மறந்து வண்டியைக் கிளப்பினால் வயர் அறுந்துவிடும். மண்ணுக்கடியில் போகும் வயரில் ஈரம் இறங்கினாலோ கரகரப்புதான்.

எஃப்.எம். முறையில் தியேட்டர் ஒலியை ரேடியோ அலையாக அனுப்பும், கார் ரேடியோவில் கேட்கலாம். வயரே கிடையாது, ஸ்டீரியோ ஒலி. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் தியேட்டர் சொல்லும் அலைவரிசையைப் பிடித்தால் போதும். அதே அலைவரிசையில் வலுவான நிலையம் இருந்தால் அது தியேட்டர் ஒலியை விழுங்கிவிடும். பெரிய சிக்கல் பேட்டரி: இன்ஜினை அணைத்து ரேடியோவை மட்டும் ஓடவிட்டாலும் சில கார்களில் விளக்கும் மின்விசிறியும் சேர்ந்தே மின்சாரத்தைக் குடிக்கும். பழைய பேட்டரி இரண்டு படத்துக்குத் தாங்காது.

ஒலித்தரத்தில் எஃப்.எம்.தான் மேல். கார் ரேடியோவை நம்பாமல், செல் போட்ட கையடக்க ரேடியோ ஒன்றைக் கொண்டுபோங்கள்.