நட்டுக் கழற்ற எந்த கன்? காற்று, பேட்டரி, கரண்டு மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்

அரை இஞ்ச் (சாக்கெட் மாட்டும் முனையின் அளவு) இம்பாக்ட் ரெஞ்ச், அதாவது உள்ளே சுத்தியல் போல அடித்து நட்டைச் சுழற்றும் கன், வாங்கப் போகிறவர் கடையில் முதலில் பார்ப்பது பெட்டியில் பெரிதாக அச்சடித்த என்.எம். (நியூட்டன் மீட்டர், டார்க் எனும் முறுக்கு விசையின் அலகு) எண்ணைத்தான். அந்த எண் கம்பெனியின் சோதனை மேசையில் வந்தது. உங்கள் பட்டறையில் அதில் எவ்வளவு வரும் என்பது கன்னுக்குப் பின்னால் இருக்கும் ஹோஸ், பேட்டரி, ஒயர் ஆகியவற்றின் கையில் இருக்கிறது. மூன்று வகையையும் அந்தக் கோணத்தில்தான் ஒப்பிட வேண்டும்.

எவ்வளவு டார்க் போதும்?

சின்னக் கார்களின் வீல் நட்டுக்குக் கம்பெனி சொல்லும் டார்க் பெரும்பாலும் 85 முதல் 130 என்.எம்.முக்குள் அடங்கிவிடும். முன் ஆக்சில் ஹப் நட்டு 200-ஐத் தொடும், சில வண்டிகளில் தாண்டும். மாட்டும்போது இவ்வளவுதான். ஆனால் இரண்டு மழைக்காலம் பார்த்துத் துருவேறிய நட்டு, கழற்றும்போது அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்கும். பைக், ஸ்கூட்டரில் கிளட்ச் நட்டு, மேக்னட் நட்டு, வேரியேட்டர் நட்டு என்று எதுவும் பெரும்பாலும் கார் அளவுக்குப் போகாது. அங்கே சிக்கல் டார்க் இல்லை, நட்டோடு சேர்ந்து கிராங்கும் சுற்றுவதுதான். அதிர்வடி கொடுக்கும் கன் அதைச் சுலபமாகச் சமாளிக்கும்.

எனவே மாட்டும் டார்க் 300 முதல் 400 என்.எம். வரை உள்ள கன், கார், பைக் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிடும். துருப்பிடித்த சஸ்பென்ஷன் போல்ட்டுகள், சின்ன யானை, பொலேரோ பிக்கப் மாதிரி வண்டிகள் நிறைய வந்தால் 1000 என்.எம். வகைக்குப் போகலாம்.

எண்ணைப் படிப்பதில் ஒரு கவனம் தேவை. நல்ல கம்பெனிகள் இரண்டு எண் கொடுக்கும்: மாட்டும் டார்க், கழற்றும் டார்க். மக்கிட்டா டி.டி.டபிள்யூ. 300-க்கு 330, 580. பாஷ் ஜி.டி.எஸ். 18வி-400-க்கு 400, 600. மக்கிட்டா டி.டி.டபிள்யூ. 1002-க்கு 1000, 1600. கடை விளம்பரத்தில் பெரிய எண் மட்டும்தான் நிற்கும். ஒரு கன்னின் கழற்றும் எண்ணை இன்னொன்றின் மாட்டும் எண்ணோடு வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். அமெரிக்க ஏர் கன்கள் பலவற்றில் எண் அடி-பவுண்டில் இருக்கும். 1.356-ஆல் பெருக்கினால் என்.எம். கிடைக்கும்.

காற்று: கன் மலிவு, லைன்தான் செலவு

ஏர் கன்னின் பலம் அதன் எளிமை. உள்ளே ஒரு ரோட்டர், அதில் ஐந்தாறு தகடுகள், முன்னால் சுத்தியல் அமைப்பு. மோட்டார் கருகாது, நாள் முழுக்க அடித்தாலும் சூடேறி நிற்காது, தண்ணீர்த் தரையில் ஷாக் பயம் இல்லை. ஒரே டார்க் கொடுக்கும் மூன்று வகையில் கன்னின் விலை குறைவாக இருப்பதும் இதற்குத்தான்.

ஆனால் இதற்குத் தீனி அதிகம். அரை இஞ்ச் கன் டிரிகரைப் பிடித்தபடியே இருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 கன அடி காற்று குடிக்கும். கேட்டலாக்கில் 4, 5 சி.எப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி) என்று இருப்பது, விட்டுவிட்டு அடிக்கும்போது வரும் சராசரி. கம்ப்ரசர் ஸ்டிக்கரில் இருப்பதோ பெரும்பாலும் பிஸ்டன் இடப்பெயர்ச்சிக் கணக்கு. உண்மையில் வெளியே வரும் காற்று அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது 'எப்.ஏ.டி. (உண்மையில் வெளியே வரும் காற்று) எவ்வளவு?' என்று கேட்டு, அந்த எண்ணை வைத்தே முடிவெடுங்கள்.

டேங்கையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 160 லிட்டர் டேங்க், 140 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நின்று 100-ல் திரும்ப ஓடும் கம்ப்ரசர். இந்த இடைவெளியில் கையில் இருக்கும் காற்று சுமார் 15 கன அடி, அதாவது 45 வினாடி தொடர் ஓட்டம். நான்கு நட்டு வீல் உள்ள காரில் 16 நட்டு. நட்டுக்கு 3 வினாடி என்றால் 48 வினாடி. ஒரு காரின் நான்கு வீலையும் கழற்றி முடிக்கும்போது கம்ப்ரசர் திரும்ப ஓடத் தொடங்கும், சரியாக இருக்கிறது. இதையே 50 லிட்டர் டேங்கில் செய்தால் 14 வினாடிதான் கிடைக்கும். முதல் வீல் முடியும்போதே கன் சோர்ந்துவிடும். 'ஏர் கன்னில் பவரே இல்லை' என்று கடையில் திருப்பிக் கொடுக்கப்படும் கன்களில் பல, சின்ன டேங்கின் பழியைச் சுமப்பவை.

அடுத்த திருடன் ஹோஸ். நீலக் கலரில் சுருளாகத் தொங்கும் 8 மி.மீ. பி.யூ. ஹோஸின் 8 என்பது வெளி விட்டம். உள் துளை 5 அல்லது 5.5 மி.மீ.தான். காற்று ஊதவும் டயருக்கு அடிக்கவும் அது போதும், இம்பாக்ட் கன்னுக்குப் போதாது. உள் துளை 10 மி.மீ. உள்ள ரப்பர் ஹோஸ் போடுங்கள், நீளத்தைத் தேவைக்கு மேல் விடாதீர்கள், நடுவில் கப்ளர் மேல் கப்ளர் சேர்க்காதீர்கள். லைன் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. கன்னின் வாயில் ஒரு டீ (T வடிவ) இணைப்பு போட்டுச் சின்ன அழுத்த கேஜ் மாட்டுங்கள். டிரிகரைப் பிடித்தபடியே முள்ளைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 120 காட்டுவதில் அர்த்தமில்லை, ஓடும்போது 90 பி.எஸ்.ஐ. நிற்க வேண்டும். 60-க்கு இறங்கினால் டார்க்கும் ஏறத்தாழ அந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். கன்னை மாற்ற வேண்டாம், ஹோஸை மாற்றினால் போதும்.

பராமரிப்பில் கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். அது டேங்கில் தண்ணீராகத் தங்கி, கன்னுக்குள் போய், தகடுகளை ரோட்டர் பள்ளத்திலேயே ஒட்ட வைக்கும். திங்கட்கிழமை காலையில் கன் 'புஸ்' என்று காற்றை மட்டும் விட்டு, சுற்றாமல் நின்றால் காரணம் இதுதான். தினமும் சாயங்காலம் டேங்க் அடியில் உள்ள வால்வைத் திறந்து விடுங்கள். காலையில் கன்னின் காற்று வாயில் ஏர் டூல் ஆயில் நான்கைந்து சொட்டு விட்டுச் சில வினாடி வெறுமனே ஓட்டுங்கள். என்ஜின் ஆயில் வேண்டாம், கெட்டியாகித் தகட்டைப் பிடிக்கும். துருநீக்கி ஸ்ப்ரே அடித்து விடுவதும் தப்பு. இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும்.

பேட்டரி: வோல்ட் ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

ஆன்லைனில் 21 வோல்ட், 48வி.எப்., 88வி.எப்., 128வி.எப். என்று இஷ்டத்துக்கு எண் போட்டு கன்கள் வருகின்றன. பின்னால் வரும் அந்த 'எப்.'பில்தான் விஷயம் ஒளிந்திருக்கிறது: அது வோல்டேஜே இல்லை, மாடல் பெயர் மாதிரி ஒட்டப்பட்ட எண். லித்தியம் செல் ஒன்று சராசரியாக 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. ஐந்து செல் வரிசையாக இருந்தால் 18 வோல்ட், முழுச் சார்ஜில் 21. பாஷ், மக்கிட்டா அதை 18 என்கின்றன, டிவால்ட் சில நாடுகளில் 20 மேக்ஸ் என்கிறது, மலிவு கன்கள் 21 என்கின்றன. எல்லாம் அதே ஐந்து செல். 128 என்று எழுதிய கன்னின் சார்ஜரைத் திருப்பி, வெளியீடு எத்தனை வோல்ட் என்று படியுங்கள். 21 என்று இருந்தால் உள்ளே ஐந்து செல் வரிசைதான்.

பார்க்க வேண்டியது ஆம்பியர்-ஹவரும் (ஏ.ஹெச்.), செல் எத்தனை அடுக்கு என்பதும். துருப்பிடித்த நட்டில் கன் திணறும்போது பேட்டரியிலிருந்து பல பத்து ஆம்பியர் இழுக்கும். 2 ஏ.ஹெச். பேட்டரியில் ஒரே அடுக்கு, ஐந்து செல் மட்டும். அந்த இழுப்பில் வோல்டேஜ் தொய்ந்து, கன்னின் அடி பலமிழக்கும். அதே கன்னில் இரண்டடுக்கு 4 அல்லது 5 ஏ.ஹெச். பேட்டரியை மாட்டினால் திறக்காத நட்டு திறக்கும். பெரிய பேட்டரி அதிக நேரம் வருவதற்கு மட்டும் என்று நினைத்துச் சின்னதை வாங்குவதுதான் இந்த வகையில் அதிகம் நடக்கும் தவறு.

கரண்டுச் செலவில் பேட்டரியை ஏர் கன்னால் நெருங்க முடியாது. 5 ஏ.ஹெச். பேட்டரி முழுச் சார்ஜில் 90 வாட்-ஹவர். 2 ஹெச்.பி. கம்ப்ரசர் நான்கு நிமிடம் ஓடினாலே அதைத் தாண்டிவிடும். கூடவே ஹோஸ் இழுக்கும் வேலை இல்லை, ரோட்டில் நின்ற வண்டிக்கும் கொண்டு போகலாம், டேஷ்போர்டுக்கு அடியிலும் வேலை செய்யலாம். பிரஷ்லெஸ் மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள். கார்பன் பிரஷ் மாற்றும் வேலை இல்லை, அதே பேட்டரியில் கூடுதல் நட்டுகள் வரும்.

பலவீனம் சூடு. ஏப்ரல், மே வெயிலில் மூடிய வண்டிக்குள் பேட்டரியை வைத்துப் போவது அதன் ஆயுளைத் தின்னும். வேலை முடித்த சூட்டோடு சார்ஜரில் போட்டால் நல்ல சார்ஜர் ஆறும்வரை காத்திருக்கும். மலிவு சார்ஜர் காத்திருக்காமல் ஏற்றும், செல்லின் ஆயுள் குறையும் அல்லது ஒரு செல் மட்டும் முந்திச் சாகும். ஐந்தில் ஒன்று போனால் மொத்தப் பேட்டரியும் போன மாதிரிதான். பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயைப் பேட்டரி உறை மேல் அடிக்காதீர்கள், பிளாஸ்டிக் வெடிப்பு விடும்.

பேட்டரியும் சார்ஜரும்தான் பெருஞ்செலவு என்பதால், ஒரு கம்பெனியைத் தேர்ந்தால் கிரைண்டர், டிரில், புளோயர் எல்லாம் அதே பேட்டரியில் வருமாறு யோசித்து வாங்குங்கள். அடுத்த கருவிக்கு வெறும் பாடி விலை மட்டும் ஆகும். உங்கள் ஊரில் அந்த பேட்டரி மூன்று வருடம் கழித்தும் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பெயரில்லாத கன்னில் அடிபடும் இடம் அதுவே.

கரண்டு: நிலையான இடத்துக்கு

மக்கிட்டா டி.டபிள்யூ. 0350 இதில் நல்ல உதாரணம்: 400 வாட், 350 என்.எம்., 2.9 கிலோ. கம்ப்ரசரும் வேண்டாம், பேட்டரி சாகும் கவலையும் வேண்டாம். பிளக்கைச் சொருகினால் எப்போதும் ஒரே பலம். கார்பன் பிரஷ் தேய்ந்தால் பொறி அதிகமாகத் தெரியும், இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும், செலவு சொற்பம். குறை, ஒயர். ஜாக்கி சக்கரம் ஏறுவதும், ஆயில் பட்டு உறை ஊறுவதும், வாட்டர் வாஷ் தரையில் கிடப்பதும் நடக்கும். பிளக் சொருகும் போர்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் இதைப் பயன்படுத்தாதீர்கள். கரண்டு வெட்டு அதிகமுள்ள ஊரில் இது சும்மா கிடக்கும்.

யாருக்கு எது

பஞ்சர் கடை, டயர் கடை, பெயிண்ட் வேலையும் உள்ள பட்டறை: கம்ப்ரசர் எப்படியும் இருக்கும், ஏர் கன்தான். மிச்சப்படும் காசை நல்ல ஹோஸிலும் தண்ணீர் பிரிப்பானிலும் போடுங்கள். கோயம்புத்தூர் எல்ஜி போன்ற கம்பெனிகளின் கம்ப்ரசருக்கு உதிரி பாகம் கிடைப்பதில் இங்கே கஷ்டமில்லை.

பைக் மெக்கானிக், வீட்டுக்கே போய் சர்வீஸ் செய்பவர், பிரேக்டவுன் வேலை: தயங்காமல் பேட்டரி. இந்த கன்னுக்காக மட்டும் கம்ப்ரசர் வாங்குவது இன்றைக்கு அர்த்தமில்லாத செலவு. 300 என்.எம். வகையும் 4 ஏ.ஹெச். பேட்டரி இரண்டும் போதும்.

நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரி பட்டறைகளுக்கு இந்த அரை இஞ்ச் பேச்சே பொருந்தாது. லாரி வீல் நட்டு மாட்டவே 500 என்.எம்.முக்கு மேல் கேட்கும். அங்கே ஒரு இஞ்ச் ஏர் கன்னும், அரை இஞ்சுக்குக் குறையாத உள் துளை ஹோஸும்தான் வழி. பழைய லாரிகள் சிலவற்றில் இடப்பக்க நட்டுக்கு இடது மரை. தெரியாமல் அடித்தால் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

எந்த கன் வாங்கினாலும் சாக்கெட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பளபளக்கும் குரோம் வெனேடியம் சாக்கெட் கை வேலைக்கு. அதிர்வடியில் அது வெடித்துச் சில்லாகத் தெறிக்கும். கறுப்பு நிற குரோம்-மாலி (குரோம் மாலிப்டினம் எஃகு), ஆறு முனை சாக்கெட் போடுங்கள். மாருதிக்கு 19, ஹுண்டாய், டொயோட்டாவுக்கு 21, இரண்டிலும் அலாய் வீலுக்கு மெல்லிய சுவர் உள்ளது. நீள எக்ஸ்டென்ஷன் அடியின் பலத்தை உறிஞ்சும், குட்டையாக வையுங்கள்.

ஆயில் டிரெய்ன் போல்ட், ஸ்பார்க் பிளக், 6 மி.மீ. கவர் போல்ட் மூன்றிலும் கன் படவே கூடாது. 6 மி.மீ. போல்ட்டுக்குத் தேவை 10 என்.எம்., அலுமினிய மரை ஒரு நொடியில் போய்விடும். வீல் நட்டையும் கன்னால் உட்கார வைக்கும் வரைக்கும்தான். வண்டியை இறக்கி, குறுக்கு வரிசையில் டார்க் ரெஞ்சால் கம்பெனி அளவுக்கு முடியுங்கள். கன்னால் முழுக்க இறுக்கினால் ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) இழுபடும், டிஸ்க் ஒழுங்கில்லாமல் அழுத்தப்பட்டு பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். அலாய் வீல் என்றால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை டார்க் பார்க்க வரச் சொல்லி பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.