லினக்ஸில் மணிக்கூடு பிசகினால்: டைம்சிங்க்டியா, குரோனியா?

கல்முனையில் மச்சானின் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனபோது காலை பத்து மணி. கணினி பின்னேரம் 3:30 என்றது. முதல்நாள் வின்டோஸில் வேலை செய்தவன், ரவுட்டரைப் போட முதல் அதே கணினியில் உபுண்டு லினக்ஸைத் திறந்திருக்கிறான். “கடையப் பூட்டிட்டுப் போகலாம் போல கிடக்கு” என்றான்.

சரியாக ஐந்தரை மணி பிசகினால் பற்றரியைக் குறை சொல்ல வேண்டாம். வின்டோஸ் மதர்போர்ட் மணிக்கூட்டில் இலங்கை நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் அதை யூடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் உள்ள உலகப் பொது நேரம், என நம்பி மேலும் ஐந்தரை மணியைக் கூட்டுகிறது. இதற்கு இரண்டு வழி. வின்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல்டைம்இஸ்யூனிவர்சல்’ பெறுமதியை 1 ஆக்கலாம், அல்லது லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ கொடுக்கலாம். யூடிசிதான் முறை என்பார்கள். கோடையில் மணிக்கூட்டை நகர்த்தும் நாடுகளில் அது சரி. நம் நாட்டிலோ 1996இல் இருமுறை நகர்த்தி, 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே வந்த பிறகு யாரும் கை வைக்கவில்லை. வின்டோஸை அடிக்கடி போர்மெட் பண்ணும் கடையில் ரெஜிஸ்ட்ரித் திருத்தமும் அதோடு போய்விடும். ஆகவே லினக்ஸ் பக்கம்தான் மாற்றினேன்.

கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஆண்டே பல வருடம் பின்னால் ஓடினால் அது பற்றரி. சிஆர்2032 நாணயப் பற்றரியை மாற்றுங்கள், அவ்வளவுதான். அதுவரை இணையத்தளங்கள் சான்றிதழ் பிழை காட்டி மறிக்கும்.

மிச்சம், நாளுக்குச் சில விநாடி நழுவுவது. மணிக்கூட்டை ஓட்டும் பளிங்கில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிசகிருந்தால் நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு 52 விநாடியளவு தவறும். இங்கேதான் உண்மையான போட்டி: இணையத்திலுள்ள நேரச் சேர்வரைக் கேட்டு மணிக்கூட்டைத் திருத்தும் இரண்டு லினக்ஸ் நிரல்களான டைம்சிங்க்டிக்கும் குரோனிக்கும் இடையில்.

டைம்சிங்க்டி எளிய ஆள். ஒரு நேரத்தில் ஒரே சேர்வரைத்தான் கேட்கும். வித்தியாசம் 0.4 விநாடியைத் தாண்டினால் ஒரே பாய்ச்சலாகத் திருத்திவிடும். கடைசியாகக் கண்ட நேரத்தை டிஸ்கில் வைத்திருப்பதால், பற்றரி செத்த மெஷினையும் அதற்குப் பின்னே போகவிடாது. வீட்டு லெப்டொப்புக்கு இது தாராளம்.

குரோனி பல சேர்வர்களை ஒப்பிட்டு, பளிங்கு எவ்வளவு நழுவுகிறது என்று கணக்குப் பண்ணி கோப்பில் எழுதி வைக்கும். இணையம் அறுந்த நேரத்திலும் அந்தக் கணக்கின்படி ஓட்டும். கரண்டும் லைனும் சேர்ந்து போகும் நம் பக்கத்துக் கடைக்கு என் வாக்கு இதற்குத்தான். உபுண்டுவும் 25.10இல் குரோனிக்கு மாறிவிட்டது. இதே வேலை செய்யும் பழைய நிரலான என்டிபிடியை நான் போட்டியில் சேர்க்கவில்லை. வித்தியாசம் 1000 விநாடிக்கு மேல் என்றால், ‘-ஜி’ போடாவிட்டால், அது நின்றேவிடும்.

குரோனியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. வழமையான அமைப்பில் முதல் மூன்று திருத்தங்களில்தான் பாயும், பிறகு மெல்ல நகர்த்தும், அதிகபட்சம் பன்னிரண்டில் ஒரு பங்கு வேகத்தில். ஐந்தரை மணிப் பிசகு அப்படித் தீர 66 மணித்தியாலம். யாராவது ‘டேட்’ கட்டளையால் நேரத்தைக் குழப்பிவிட்டால் காத்திருக்காமல் ‘குரோனிசி மேக்ஸ்டெப்’ அடியுங்கள்.