எடுத்துக்காட்டுச் சோதனையா, பண்புச் சோதனையா: ஒரு லைப்ரரிக்கு எது காவல்?

செயலி எழுதுபவருக்குத் தன் பயனர் எந்தத் திரையில் என்ன செய்வார் என்பது ஓரளவு தெரியும். மற்ற நிரலாளர்கள் தங்கள் நிரலில் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பான லைப்ரரியை எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. தன் ஃபங்ஷனை, அதாவது உள்ளீட்டை வாங்கி விடை தரும் நிரல் துண்டை, யார், எந்த உள்ளீட்டோடு அழைப்பார்கள் என்று அவரால் சொல்லவே முடியாது. நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க எந்த வகைத் தானியங்கிச் சோதனையை நம்புவது என்ற கேள்வியை இங்கிருந்துதான் அணுக வேண்டும்.

நாம் பெரும்பாலும் எழுதுவது எடுத்துக்காட்டுச் சோதனை: இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை. பண்புச் சோதனையில் விடையைச் சொல்வதில்லை. எந்த உள்ளீட்டுக்கும் பொருந்த வேண்டிய ஒரு விதியைச் சொல்கிறோம், உள்ளீடுகளைக் கருவியே உருவாக்கிக்கொள்கிறது. கோன் கிளாசனும் ஜான் ஹியூஸும் 2000-இல் ஹாஸ்கெல் நிரல்மொழிக்காக முன்வைத்த குவிக்செக் என்ற கருவி இந்த முறையைப் பரப்பியது. பைத்தான் மொழியில் அதே வேலையை ஹைப்போதிசிஸ் என்ற கருவி செய்கிறது. நாம் மாற்றாதவரை இரண்டும் ஒரு விதிக்கு 100 உள்ளீடுகளை முயன்று பார்க்கும்.

எழுத்துகளையும் அவை அடுத்தடுத்து வரும் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதிச் சுருக்கும் ஃபங்ஷன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'அஅஅஆ' என்பது 'அ3ஆ1' ஆகும். விரிக்கும் ஃபங்ஷன் ஓர் எழுத்தைப் படித்து, அதைத் தொடரும் இலக்கங்கள் அனைத்தையும் எண்ணிக்கையாகக் கொள்ளும். வெற்றுச் சரம் (சரம் என்பது எழுத்துகளின் வரிசை), ஓரெழுத்துச் சரம், நீண்ட சரம் என்று பத்து எடுத்துக்காட்டுகள் எழுதினாலும் எல்லாம் தேறிவிடும். இப்போது ஒரே ஒரு விதி: சுருக்கி விரித்தால் பழைய சரமே கிடைக்க வேண்டும். கருவி இலக்கங்களையும் உள்ளே அனுப்பும். '01' என்ற சரம் '0111' ஆகச் சுருங்கும். விரித்தால் 111 பூஜ்யங்கள் வந்து நிற்கும்! சரத்தில் இலக்கமும் இருக்கலாம் என்பது நம் மனதில் தோன்றாததால்தான் அந்தப் பிழை அங்கே இருந்தது. அதே மனதிலிருந்து வரும் எடுத்துக்காட்டுகளால் அதைப் பிடிக்க முடியாது.

இன்னொரு நன்மையும் உண்டு. முதலில் தோற்ற உள்ளீடு நாற்பது எழுத்துக் குப்பையாக இருந்தாலும், பிழை நீடிக்கும்வரை கருவி அதை வெட்டிக் குறைத்து, இத்தகைய சிறிய சரமாக நம் முன் வைக்கும். பிழை எங்கே என்று தேடும் நேரம் பெருமளவு மிச்சம்.

அதற்காகப் பண்புச் சோதனையிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட முடியாது. நல்ல விதியைக் கண்டுபிடிப்பது கடினம். வரிசைப்படுத்தும் ஃபங்ஷனுக்கு 'ஒவ்வோர் உறுப்பும் அடுத்ததைவிடப் பெரியதாக இருக்கக் கூடாது' என்று மட்டும் எழுதினால், எப்போதும் வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தரும் ஃபங்ஷனும் தேறிவிடும். உள்ளே போன உறுப்புகளே வெளியே வந்தனவா என்றும் கேட்க வேண்டும். விதி கிடைக்காமல், ஃபங்ஷனில் உள்ள கணக்கையே சோதனையிலும் திரும்ப எழுதிவைப்பவர்கள் உண்டு. அது சோதனையே அல்ல. ஒரே தவறு இரண்டு இடத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

வாசிப்பதற்கு எடுத்துக்காட்டுக்கு ஈடில்லை. புதிதாகப் பங்களிக்க வருபவர் ஆவணத்தைவிட விரைவாக ஒரு சோதனைக் கோப்பிலிருந்து ஃபங்ஷனின் நடத்தையைப் புரிந்துகொள்வார். வேகத்திலும் அதுவே முந்தும்: கோப்பையோ நெட்வொர்க்கையோ தொடும் ஃபங்ஷனை நூறு முறை ஓட்டுவது வீண் சுமை.

வெளியீட்டை அப்படியே சேமித்து, அடுத்த முறை ஒப்பிடும் ஸ்னாப்ஷாட் முறையும் இருக்கிறது. நிரல் வரிகளை ஒழுங்குபடுத்தி அழகாக்கும் கருவிகளுக்கு நல்லது. மற்ற இடங்களில், மாற்றம் தெரிந்தவுடன் படித்துப் பார்க்காமலே புதுப்பித்துவிடும் பழக்கத்தை அது வளர்த்துவிடுகிறது.

என் தேர்வு இது. எழுது–படி, சுருக்கு–விரி என இணையாக வரும் ஃபங்ஷன்களுக்கும், வெளியார் தரும் சரத்தை அலசும் பகுதிக்கும் பண்புச் சோதனையை முதலில் எழுதுங்கள். வரி விகிதம், தேதி வடிவம் போன்று விடையை மனிதர்கள் முடிவுசெய்த இடங்களில் எடுத்துக்காட்டே போதும். கருவி பிடித்துத் தந்த '01' போன்ற உள்ளீட்டை உடனே ஒரு நிரந்தர எடுத்துக்காட்டாகச் சேர்த்துவிடுங்கள். உள்ளீடுகள் தற்செயலாகத் தேர்வாவதால், அடுத்த ஓட்டத்தில், வேறொருவர் கணினியில், அதே சரம் மீண்டும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.