சிகரெட் பற்றவைக்கும் துளையில் என் மடிக்கணினி

போன வாரம் ராமநாதபுரத்திலிருந்து நண்பன் அழைத்தான். என்னைப் போலவே கண்மாய்களில் ஆழம் அளக்கும் வேலையில் இறங்கப் போகிறான். "மாப்பிள்ளை, படகில் லேப்டாப்புக்கு நீ வைத்திருக்கும் அதே சார்ஜர் இப்போது 1,400 ரூபாய்க்கு வந்திருக்கிறது. வாங்கட்டுமா?" என்றான். நான் 2,200 கொடுத்து வாங்கியது. "வாங்காதே" என்றேன், யோசிக்காமல். ஏன் என்று கேட்டான். சொல்லத் தொடங்கினால் முக்கால் மணி நேரம் திட்டிக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பொருள் இதுதான்: சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி. ஒரு பக்கம் 12 வோல்ட் உள்ளே போகும். மறுபக்கம் டைப்-சி வழியாக 20 வோல்ட், 65 வாட் வெளியே வரும். காருக்காகச் செய்தது. இருபது மாதங்களாக என் 12 அடி ஃபைபர் படகில் வேலை செய்கிறது. மதுரையில் வண்டியூர்க் கண்மாய், மாடக்குளம், இரண்டு முறை அனுமதி வாங்கிக்கொண்டு வைகை அணை. உழவுச் சால் போலக் கோடு கோடாகப் படகை விட்டு, ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் கருவியையும் ஜி.பி.எஸ்ஸையும் மடிக்கணினியில் இணைத்து, வண்டல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு. மடிக்கணினி அணைந்தால் கோடு போச்சு.

இதற்கு முன் இன்வெர்ட்டர் வைத்திருந்தேன். 300 வாட், மலிவானது. கார் பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, அதில் மடிக்கணினியின் அடாப்டரைச் செருகி, அது மறுபடி 20 ஆக இறக்கும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. அடாப்டர் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். திரையில் அம்புக்குறி தானாகக் குதிக்கும். உலோக உடம்பில் மணிக்கட்டை வைத்தால் எறும்பு ஊர்வது போல இருக்கும். கசிவு மின்சாரம்தான், கொஞ்சம்தான். ஆனால் சுற்றிலும் தண்ணீர், படகின் அடியில் தண்ணீர், என் கால்சட்டையில் தண்ணீர். படகு ஓட்டும் அண்ணன் ஒரு நாள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, வீட்டுக் கரண்டை அணைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறாயே, நான் ஈரக் கையோடு இதைத் தொட்டால் என் வீட்டுக்கு யார் பதில் சொல்வது?" என்றார். பதில் இல்லை. அன்றே இன்வெர்ட்டரைக் கரையில் ஏற்றினேன். சின்னப் படகில் 230 வோல்ட்டுக்கு வேலையே இல்லை என்பதில் எனக்கு இன்றுவரை மறுயோசனை கிடையாது.

சார்ஜர் வந்ததும் அம்புக்குறி அடங்கிவிட்டது. எறும்பு ஊரவில்லை. அளவியை வைத்துப் பார்த்தேன்: அதே வேலைக்கு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 3.8 ஆம்பியர் உறிஞ்சியது, இது 2.8. ஒரு மணிக்கு ஒரு ஆம்பியர்-மணி மிச்சம் என்றால், ஆறு மணி நேர வேலையில் அது சின்ன விஷயம் அல்ல. பேட்டரியையும் பிறகு மாற்றினேன். அமிலம் ததும்பும் கார் பேட்டரிக்குப் பதில் 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட். இடுப்பை ஒடிக்காமல் ஒற்றைக் கையில் தூக்கலாம். பாதி காலியானாலும் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். மடிக்கணினி, ஆழமானி இரண்டும் சேர்ந்து ஆறு மணி நேரம் ஓடுகின்றன. இந்தச் சார்ஜரின் பெட்டிக்குள் இருப்பதைச் செய்தவர் யாரோ, அவர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

அதன் வாயைச் செய்தவரை என்ன செய்வது?

பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் வயர் வருகிறது. அதன் முனையில் இருப்பது சிகரெட் லைட்டர் பிளக். நான் சிகரெட் பிடிப்பவன் அல்ல. அண்ணன் வெற்றிலையோடு சரி. சுருள் கம்பியைச் சூடாக்கிச் சிகரெட் பற்றவைப்பதற்காகக் காரில் வைத்த துளை அது. இப்போது வரும் கார்கள் பலவற்றில் லைட்டரே கிடையாது, துளை மட்டும் பரம்பரைச் சொத்தாக வந்துகொண்டிருக்கிறது. உலகமே அதை மின்சாரம் எடுக்கும் இடமாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

பிளக்கை உள்ளே தள்ளிப் பாருங்கள். நுனியில் ஒரு ஊசி, அதற்குப் பின்னால் சுருள்வில். அந்த வில் ஊசியைத் துளையின் அடியில் அழுத்தினால்தான் மின்சாரம் வரும். அதே வில் பிளக்கை வெளியே தள்ளிக்கொண்டும் இருக்கிறது. பிடித்து நிறுத்துவதற்கு இருப்பவை பக்கவாட்டில் இரண்டு தகடுகள் மட்டும். காரில் ஏதோ சமாளிக்கும். படகில் ஆகாயத் தாமரை விசிறியில் சிக்கிய நொடியில் மோட்டார் உதறும் உதறலில் அது மயிரிழை வெளியே வந்துவிடும். மயிரிழை போதும்.

அப்போது நடப்பது வேடிக்கை. தொடர்பு தளர்ந்தால் அந்த இடத்தில் தடை கூடும். மடிக்கணினி ஓடிக்கொண்டே தன் பேட்டரியையும் நிரப்பும்போது 6 ஆம்பியர் இழுக்கும். 0.2 ஓம் தடை இருந்தால் அங்கேயே 1.2 வோல்ட் போய்விடும். பழைய கார் பேட்டரி நாட்களில் பேட்டரி 12.1, ஒல்லி வயரில் அரை வோல்ட்டுக்கு மேல் சேதம், பிளக்கில் 1.2. சார்ஜர் வாசலுக்கு 10 வோல்ட் சொச்சம்தான் வந்து சேரும். 11-க்குக் கீழே போனால் அது தன்னை அணைத்துக்கொள்ளும். அணைந்ததும் இழுவை நின்றுவிடுவதால் மின்னழுத்தம் மறுபடி 12.1-க்கு ஏறும். ஆகா, வந்துவிட்டதே என்று சார்ஜர் மறுபடி விழிக்கும். மறுபடி அணையும். ஒவ்வொரு தடவையும் மடிக்கணினி 'டிங்' என்று ஒலி எழுப்பும், திரை மங்கிப் பிரகாசிக்கும். "தம்பி, உன் பெட்டி கோயில் மணி மாதிரி அடித்துக்கொண்டே இருக்கிறதே, பூசை எப்போது முடியும்?" என்று கேட்டார் அண்ணன்.

வண்டியூரில் ஒரு நாள் பிளக்கைப் பிடுங்கினேன். நுனி மூடி துளைக்குள்ளேயே நின்றுவிட்டது. அது திருகு மூடி. அதிர்வில் தானாகக் கழன்றிருக்கிறது. உள்ளே இருந்த கண்ணாடி ஃபியூஸ் உருண்டு படகின் அடித்தண்ணீரில் விழுந்தது. பொட்டுக்கடலை அளவு ஊசி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. அரை நாள் வேலை போனது. அப்போதே இதை மாற்றியிருக்க வேண்டும். பசை தடவி மூடியை இறுக்கினேன். சோம்பேறித்தனம்.

பிறகு வைகை அணை. ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பிளக் எம்மாத்திரம்? ஆண்டிபட்டிப் பக்கமிருந்து பதினோரு மணிக்கு மேல் காற்று எழும்பினால் அணை குட்டிக் கடலாகிவிடும். சார்ஜரையும் பேட்டரியையும் வெயிலில் வேகவிடாமல் காக்க, பிளாஸ்டிக் பெட்டிக்குள் தெர்மாகோல் ஒட்டி வைத்திருந்தேன். வைகை அணைக்குத் தெர்மாகோல் கொண்டுபோவது எப்படிப்பட்ட காரியம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். நீர் ஆவியாவதைத் தடுக்க 2017 ஏப்ரலில் இதே அணையில் அட்டைகளை மிதக்கவிட்ட கதை நாடறியும். பெட்டியைத் திறந்ததும் அண்ணன் கண்ணை இடுக்கிக்கொண்டு, "மறுபடியுமா?" என்றார்.

அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. தெர்மாகோல் வெளிச் சூட்டைத் தடுத்ததோ இல்லையோ, சார்ஜர் கக்கும் ஆறேழு வாட் சூட்டை வெளியே போகவிடவில்லை. அதோடு தளர்ந்த பிளக். 6 ஆம்பியர், 0.2 ஓம் என்றால் 7 வாட் சொச்சம். ஓர் இரவு விளக்கின் சூடு, கட்டைவிரல் பருமனுள்ள பிளாஸ்டிக்குக்குள். ஏழாவது கோட்டின் நடுவில் எரிந்த வாசனை வந்தது. வெயிலில் திரையைப் பார்க்கப் போர்வைக்குள் தலையை விட்டிருந்ததால், மடிக்கணினி வெகுநேரமாகத் தன் சொந்தப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. 4 சதவீதம் என்று காட்டியது, அணைந்தது. பெட்டியைத் திறந்தால் பிளக் துளையோடு உருகி ஒட்டியிருந்தது.

நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். ஈரமான இடத்தில் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். கோபம் வந்தது. நியாயமாகப் பார்த்தால் அட்டைப்பெட்டியில் கார் படம்தான் போட்டிருக்கிறது. படகு என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை. ஆனால் உருகியது ஈரத்தால் அல்ல, பிளக்கால். அது காரிலும் உருகும்.

டவுன்ஹால் ரோடு பக்கத்துச் சந்தில் பழுது பார்க்கும் பையன் பிளக்கை வெட்டிப் பிரித்து, பழுத்துப்போன சுருள்வில்லை இடுக்கியில் எடுத்துக் காட்டினான். அழுத்தினால் திரும்ப எழவில்லை. சூட்டில் அதன் விறைப்பு போய்விட்டது. "அண்ணே, சார்ஜருக்கு ஒன்றும் இல்லை. வாய்தான் வெந்துவிட்டது" என்றான். தலையை வெட்டி எறிந்துவிட்டு, டிரோன் பேட்டரிகளில் வரும் மஞ்சள் நிற எக்ஸ்.டி. 60 இணைப்பியைப் பற்றவைத்தான். 150 ரூபாய். செருகும்போது கட்டைவிரல் வலிக்கிறது. பிடுங்க இரண்டு கை வேண்டும். ஒரு பிளக் இப்படித்தான் இருக்க வேண்டும்.

நண்பனுக்காக, நான் இப்போது வைத்திருக்கும் விதம்: பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ், கார்களில் வரும் சிவப்புத் தகடு வகை. சார்ஜரின் முனையில் வைத்துப் பயனில்லை. ஃபியூஸ் காப்பது சார்ஜரை அல்ல, வயரை. 12 வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் தோல் உரிந்த வயர் இரண்டு ஒட்டினால் பேட்டரி தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டும், படகு பற்றிக்கொள்ளும். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர். மூன்று மீட்டர் போய் மூன்று மீட்டர் திரும்பினாலும் கால் வோல்ட்தான் சேதம். பேட்டரிப் பக்கம் எக்ஸ்.டி. 60-இன் பெண் முனை, அப்போதுதான் கழற்றிய பிறகு மின்சாரம் உள்ள உலோகம் வெளியே தெரியாது. பேட்டரி படகின் அடியில் அல்ல, பலகைமேல், நாடாவால் கட்டி. படகு மோட்டாருக்குத் தனிப் பேட்டரி. அது 30 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் மடிக்கணினியும் அதே பேட்டரியில் தொங்கக் கூடாது. தெர்மாகோலைப் பிய்த்து எறிந்துவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் கீழ்நோக்கி இரண்டு துளை போட்டேன். தெறிக்கும் தண்ணீர் ஏறுவதில்லை, சூடு இறங்கிவிடுகிறது.

இப்படி மாற்றி எட்டு மாதம் ஆகிறது. ஒரு 'டிங்' கூட இல்லை. உச்சி வெயிலில் மாடக்குளத்தில் நாள் முழுக்க ஓடியது, தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். இதைவிட நல்ல சார்ஜர் இந்த விலையில் நான் பார்க்கவில்லை.

ஆகவே, வாங்காதே. பிளக்கை வெட்டிவிட்டுத்தான் பயன்படுத்த முடியும் என்கிற பொருளைக் காசு கொடுத்து வாங்குவது அவமானம். இதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் தொலைபேசியை வைத்த அன்று இரவே, இருப்பு தீர்ந்துவிடுமோ என்று 1,400 ரூபாய்க்கு நானே இன்னொன்று வாங்கிவிட்டேன். நேற்று வந்து சேர்ந்தது. கையேட்டைக்கூடப் பிரிக்கவில்லை, கத்தரியை எடுத்து முதலில் தலையை வெட்டினேன்.

வெட்டிய தலையைக் குப்பையில் போடப் போனபோது அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். உள்ளே பித்தளை இருப்பதால் நல்ல கனமாம்; தூண்டிலில் ஈயக்குண்டுக்குப் பதில் கட்டியிருக்கிறார். கழன்று விழவில்லையா என்று இன்று காலை கேட்டேன். "கயிற்றில் கட்டியிருக்கிறேன் தம்பி, துளையில் செருகவில்லை" என்றார்.