வாடகைக் காரின் திரையில் யாரோ ஒருவரின் அம்மா

சிங்கப்பூரிலிருந்து பதினெட்டு நாள் லீவில் மதுரைக்கு வந்திருந்தேன். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். வீடு திருநகரில், அரவிந்த் கண் மருத்துவமனை அண்ணா நகரில். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, அதுவும் வைகையைத் தாண்டிப் போகவேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஆட்டோவில் தூசியும் காற்றும் அடிக்க அவரைக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வம் கும்பிடுவதும் பாக்கி இருந்தது. அதனால் நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார் ஒன்றை இரண்டு வாரத்துக்கு எடுத்தேன். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து போட்டிருக்குமே, அந்த வகை.

கார் வீட்டுக்கே வந்தது. கொண்டுவந்த தம்பி பொறுப்பான பையன். பம்பரில் இருந்த கீறல், ஸ்டெப்னி, ஜாக்கி, பெட்ரோல் முள் நின்ற இடம் எல்லாவற்றையும் படம் எடுத்து, தாளில் குறித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். டேஷ்போர்டின் நடுவில் இருந்த திரையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் எனக்குக் கார் கிடையாது. ரயிலும் பஸ்ஸும்தான். ஊருக்கு வந்தால்தான் ஸ்டீயரிங்கைத் தொடுவேன். அன்று சாயங்காலம் போனை இணைக்கலாம் என்று ப்ளூடூத் பக்கத்தைத் திறந்தேன். ஐந்து போன்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அடுத்த பொத்தானைத் தொட்டதும் ஒரு தொடர்புப் பட்டியல் விரிந்தது. அம்மா, அம்மா புது நம்பர், கீரைக்கார அக்கா, ஸ்கூல் வேன், வீட்டு ஓனர். அதற்குப் பக்கத்தில் யாரை எத்தனை மணிக்கு அழைத்தார்கள் என்ற விவரம். உடனே மூடிவிட்டேன். பூட்டாத வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ப்ளூடூத்தில் முதன்முதலாக ஜோடி சேர்க்கும்போது, ‘தொடர்புகளைப் பகிரலாமா’ என்று போன் கேட்கும். அவசரத்தில் எல்லோரும் சரி என்று அழுத்திவிடுவோம். கார் உடனே போன்புக்கையும் கால் விவரங்களையும் இழுத்துக்கொள்ளும். யார் கூப்பிடுகிறார்கள் என்று திரையில் பெயர் காட்டவேண்டுமே, அதற்காகத்தான். சொந்தக் காரில் அது வசதி. வாடகைக் காரில், அழிக்காமல் போனால் சில மாடல்களில் அப்படியே தங்கிவிடும். ஐபோனில் ப்ளூடூத் செட்டிங்ஸில் காரின் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் ‘i’ குறியைத் தொட்டு, தொடர்புகளை ஒத்திசைப்பதை நிறுத்திவைக்கலாம். எனக்கே அது அன்றுதான் தெரியும்.

வாடகைக்குக் கொடுத்த இடத்துக்கு போன் போட்டுச் சொன்னேன். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம், நீங்க உங்க போனை கனெக்ட் பண்ணிக்கங்க” என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பட்டியலின் சொந்தக்காரர் ஒரு பெண்ணாக இருக்கலாம். அவர் பிள்ளை போகும் ஸ்கூல் வேன் டிரைவரின் நம்பர் அதில் இருக்கிறது. பம்பர் கீறலுக்குப் படம் எடுப்பவர்களுக்கு இது ஒன்றும் இல்லையாம். ஐந்து பெயர்களையும் ஒவ்வொன்றாக நானே நீக்கினேன்.

அப்புறம் கேபிள். ஐபோன் 2023-ல் வந்த 15-லிருந்து டைப் சி ஓட்டைக்கு மாறிவிட்டது. என் போனோடு வந்த கேபிளின் இரண்டு முனையும் டைப் சி. இந்தக் காரிலோ பழைய அகல ஓட்டைதான். க்ளவ் பாக்ஸில் அவர்களே வைத்திருந்த கேபிள் ஒன்று கிடைத்தது. மாட்டினேன். சார்ஜ் ஏறியது. ஐபோனில் இருக்கும் வரைபடத்தையும் பாட்டையும் காரின் திரைக்குக் கொண்டுவரும் கார்ப்ளே மட்டும் வரவே இல்லை. போனை ரீஸ்டார்ட் செய்தேன், காரை அணைத்துப் போட்டேன். வரவில்லை.

மறுநாள் டவுன் ஹால் ரோட்டில் ஒரு சின்ன மொபைல் கடை. அந்தக் கேபிளைக் கையில் வாங்கியதுமே கடைக்காரத் தம்பி சொல்லிவிட்டார்: “அக்கா, இது வெறும் சார்ஜ் கேபிள். உள்ள ரெண்டு கம்பிதான் இருக்கும். டேட்டாவுக்குத் தனியா ரெண்டு கம்பி வேணும்.” சொன்னதோடு விடவில்லை. தன் லேப்டாப்பில் அந்தக் கேபிளை மாட்டிக் காட்டினார். போன் இருப்பதாகவே லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. வேறொரு கேபிளை மாட்டியதும், இந்தக் கணினியை நம்பலாமா என்று போன் கேட்டது. சொல்லிக் கேட்டதைவிட இது நன்றாகப் புரிந்தது. சாதாரண யூஎஸ்பி கேபிளில் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான கேபிள்களில் பின்னவை இருக்காது. நீளமான கேபிளை எடுக்கப்போனேன், வேண்டாம் என்று தடுத்தார். ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கார்ப்ளே மாதிரி இருக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு ஒரு மீட்டருக்கு உட்பட்ட கேபிளைத்தான் கூகுளும் சொல்கிறது. முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு குட்டைக் கேபிள் வாங்கினேன்.

கார் நிறுத்தியிருந்த இடம்வரை அவரே கூட வந்தார். அப்போதும் வரவில்லை. என் கை வேர்த்துவிட்டது. அவர் குனிந்து பார்த்து, நான் கை வைக்கும் பெட்டிக்குப் பக்கத்து ஓட்டையில் மாட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். அது சார்ஜுக்கு மட்டும். திரைக்குக் கீழே, போன் படம் போட்ட ஓட்டைதான் டேட்டாவுக்கு. அதிலும் மாட்டியாயிற்று, இன்னும் அமைதி. “சிரியை ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்களாக்கா?” வைத்திருந்தேன், ஆபீஸில் தொந்தரவாக இருக்கிறது என்று எப்போதோ அணைத்தது. நாம் பேசினால் பதில் சொல்லும் ஐபோனின் குரல் உதவியாளர்தான் சிரி. அது இல்லாமல் கார்ப்ளே எழாது. ஆன் செய்தவுடன் திரையில் வரைபடம் விரிந்தது. வந்ததற்குப் பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். டீ மட்டும் குடித்தோம்.

வயர் இல்லாமலே வருமே என்று தங்கை மகன் கேட்டான். வரும், ஆனால் அதற்குக் காரின் செட் ஒத்துழைக்கவேண்டும். ப்ளூடூத்தில் படம் ஓடுமளவுக்கு இடம் இல்லை. அது போனையும் காரையும் அறிமுகப்படுத்தி வைப்பதோடு சரி. வரைபடத்தைச் சுமப்பது வைஃபை. என் வாடகைக் காரில் அந்த வைஃபை வசதி இல்லை. இருந்தாலும் வெயில் காலத்தில் நான் கேபிளைத்தான் விரும்புவேன். வயர்லெஸ்ஸில் ஓட்டிக்கொண்டே வயர்லெஸ் சார்ஜிலும் வைத்தால் போன் கொதிக்கும். ஐபோனை 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மதுரை மே மாதத்தில் நிறுத்திவைத்த காருக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆபரேஷன் முடிந்து மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போன நாளை மறக்கமாட்டேன். வழி சொல்லும் குரலைத் தமிழுக்கு மாற்றியிருந்தேன். அப்பா முன் சீட்டில், கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு. திரையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, காதில்தான் எல்லாம். தெப்பக்குளம் நெருங்கும்போது அந்தக் குரல் திரும்பச் சொன்னது. அதற்கு ஒரு நொடி முன்னாலேயே அப்பா, “குருவிக்காரன் சாலைப் பாலத்துல ஏறிரு பாப்பா, கோரிப்பாளையம் போனா மாட்டிக்குவ” என்றார். இரண்டும் ஒரே வழி. அதன் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் குரலோடு சேர்ந்து அவரும் சொல்லிக்கொண்டே வந்தார். கண் மறைந்திருந்த அந்த இரண்டு நாளும் தன் ஊரை அவர் அப்படித்தான் பார்த்தார்.

போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதை 2019-ன் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் முறைக்கே ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம் போடலாம். அபராதத்தை விடுங்கள், சிம்மக்கல் நெரிசலில் ஒரு கையில் போனோடு ஓட்டுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. திரையில் வருவதன் முதல் பயன் அதுதான்.

உசிலம்பட்டிக்குப் போகும் முன் அந்தப் பக்கத்து வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவைத்துக்கொண்டேன். கார்ப்ளேயோ ஆண்ட்ராய்டு ஆட்டோவோ, வேலை முழுக்க நடப்பது போனில்தான். செக்கானூரணி தாண்டி, மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதும் சிக்னல் போய்விட்டது. இறக்கிவைத்த வரைபடம் கைகொடுத்தது. கோயிலுக்குக் கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்ன வழி.

திரும்பி வந்ததும் அண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது. அவரிடம் இருப்பது பன்னிரண்டு வருடப் பழைய கார். அதில் ரேடியோவும் சிடியும்தான். பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் பெரிய திரையைக் காட்டி, “ஆண்ட்ராய்டு செட் சார், எல்லாம் வரும்” என்றார்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆண்ட்ராய்டு செட் என்றால் அந்தத் திரையே ஒரு டேப்லெட். அதற்குத் தனியாக இன்டர்நெட் வேண்டும். ஆண்ட்ராய்டு ஆட்டோ என்பது போனில் இருப்பதைத் திரைக்குக் கொண்டுவருவது. முன்னது இருப்பதால் பின்னது இருக்கும் என்று சொல்லமுடியாது. அண்ணன் போனை மாட்டிக் காட்டுங்கள் என்றேன். காட்டவில்லை. வெளியே வந்துவிட்டோம்.

அடுத்த கடையில் வேலை பார்த்த மிஸ்திரி அண்ணன் வேறு மாதிரி ஆள். விலையைப் பேசும் முன்னால் போனை வாங்கி, மேஜைமேல் இருந்த செட்டிலேயே இணைத்துக் காட்டினார். “வண்டி வயரை வெட்டவே கூடாது. இந்த மாடலுக்கு அப்படியே மாட்டுற கப்ளர் இருக்கு, நாளைக்குப் பழைய செட்டைத் திரும்ப மாட்டணும்னாலும் மாட்டிக்கலாம்.” மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியோடு, சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும், கறுப்பு எர்த். இதை மாற்றிக் கொடுத்துவிட்டால் ராத்திரி முழுக்கத் திரை பேட்டரியைக் குடித்து, காலையில் வண்டி கிளம்பாது என்றார். மைக்கை ஏசி காற்று வரும் துவாரத்திலிருந்து தள்ளி, முன் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தூணின் மேல்பக்கம் வைத்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் பணத்தை வாங்காமல், “முதல்ல மதினிக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க, அவங்களுக்குக் குரல் கேக்குதான்னு” என்றார். மதினிக்குத் தெளிவாகக் கேட்டது.

கடைசி நாள் காரைத் திருப்பிக் கொடுத்தேன். அதே தம்பி வந்தார். அவர் கீறல்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே நான் திரையில் என் போனை நீக்கினேன். போனில் செட்டிங்ஸ், ஜெனரல், கார்ப்ளே என்று போய், இந்தக் காரை மறந்துவிடு என்பதையும் அழுத்தினேன். வரைபடத்தில் வீடு என்று பதிந்திருந்ததையும் பார்த்துக்கொண்டேன். அது போனிலேயே இருப்பது, காரில் இல்லை. தம்பி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். முதல் நாள் பார்த்த பட்டியலைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய போனும் எப்போதோ அதில் சேர்ந்திருந்ததாம், டெலிவரிக்கு வரும்போது பாட்டுக் கேட்க.

அவர் நீட்டிய தாளின் கடைசியில் இரண்டு வரி எழுதினேன். ‘திரையில் பழைய போன்கள் எல்லாம் நீக்கப்பட்டன. டேட்டா கேபிள், போன் படம் போட்ட ஓட்டையில் சோதிக்கப்பட்டது.’ ஸ்டெப்னிக்கு இருப்பதைப் போல ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்தேன். டவுன் ஹால் ரோட்டில் வாங்கிய கேபிளை க்ளவ் பாக்ஸிலேயே விட்டுவிட்டேன். இரண்டு கட்டத்திலும் டிக் போட்டு, தேதி எழுதி, தம்பி கையெழுத்துப் போட்டார்.